அக்காவின் இடது கன்னம்

நம் வயதுப் பெண்களில் பலருக்குக் கல்யாணம் ஒரு படத்தில்தான் தொடங்கியது. நீங்களும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இரவல் நகை, கொஞ்சம் சாய்த்த தலை, பின்னால் திரைத்துணியில் வரைந்த தூணும் மாடிப்படியும், கையில் பிளாஸ்டிக் ரோஜா. அந்தப் படம் ஓர் உறைக்குள் போய் கிள்ளானிலோ ஈப்போவிலோ யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் கைமாறும். பிடித்தால் வருவார்கள். பிடிக்காவிட்டால் படம் திரும்பி வரும், சில சமயம் யாரோ சாப்பிட்ட கையின் கறையோடு.

அந்தப் படங்கள் எப்படி உண்டாயின என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில், வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில், பிரிக்பீல்ட்ஸ் பெரிய சாலையில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் அந்த வேலையைக் கற்றேன்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் வழியில் அந்த ஸ்டூடியோ. வாசலில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் மணமக்கள், குழந்தைகள், பட்டமளிப்பு அங்கி போட்ட ஒரு பையன். நான் அங்கே நிற்காமல் போனதே இல்லை. ஒரு நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தினம் என்ன பாக்குற?”

ஸ்டூடியோ ஆன்டி. கணவர் இறந்த பிறகு கடையைத் தனியாக நடத்தினார். தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, கொண்டையில் செருகிய பென்சில், விரல் நுனிகளில் படம் கழுவும் மருந்துத் தண்ணீரின் பழுப்பு. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று அம்மா சொல்வாள்.

நான் ஒரு கல்யாணப் படத்தைக் காட்டினேன். “மாப்பிள்ள கண்ணுல ரெண்டு வெளிச்சப் புள்ளி இருக்கு ஆன்டி. பொண்ணு கண்ணுல ஒண்ணுதான் இருக்கு.”

அவர் கதவருகே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

“கல்யாணத்தன்னைக்கு அவன் குடிச்சிட்டு விழுந்து கெடந்தான். படத்துக்கு நிக்க முடியல. அப்புறம் தனியா எடுத்து ஒட்டுனேன். இத்தன நாளா ஒருத்தன் கண்டுபிடிக்கல லா. வெளிய சொல்லாத. உள்ள வா.”

அப்படித்தான் உள்ளே போனேன்.

அம்மா சம்மதித்ததற்குக் காரணம், விடுமுறையில் நான் வீட்டில் சும்மா இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்பா, பெண்பிள்ளை ஆணிடம் போய்க் கற்கவில்லையே என்று விட்டுவிட்டார்.

ஆன்டி சொல்லிக்கொடுத்த விதத்தை இன்று யாரிடமும் செய்ய முடியாது. மர ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் அடிப்பார். சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில், மருந்துத் தட்டில் படம் மெல்ல எழுந்து வரும்போது நான் அவசரப்பட்டு எடுத்துவிட்டால், அந்த ஈரத் தாளை என் முகத்தில் அறைந்து ஒட்டுவார். “மூஞ்சியிலயே காயட்டும்” என்பார். வாடிக்கையாளர் முன்னால் “இதுக்குக் கண்ணு இருக்கு, மூள இல்ல” என்று அறிமுகப்படுத்துவார். கண்ணு என்பதே என் பெயராகிவிட்டது. நான் அதைச் செல்லமென்று எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் யாராவது நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அடி கூட ஒரு பரிசுபோலத்தான் இருக்கும்.

ஆனால் அவர் கொடுத்தது பொய்யில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்க்க வைத்தார். வெயில் ஓட்டுக்கூரை மேல் ஒரு மாதிரி, தார்ச்சாலை மேல் ஒரு மாதிரி, மனுஷத் தோல் மேல் வேறு மாதிரி என்று காட்டினார். ஒரு வயதானவர் சுவரில் மாட்டும் படத்துக்காக உட்கார்ந்தபோது, அவர் கை நடுங்குவதைப் பார்த்து நான் விளக்கைத் தாழ்த்த மறந்துவிட்டேன். அவர் போன பிறகு ஸ்கேல் இறங்கியது.

“மூஞ்சியப் பாக்காதன்னு எத்தன தடவ சொல்றது? மூஞ்சியப் பாத்தா பாவம் வரும். பாவம் வந்தா கை நடுங்கும். வெளிச்சத்தப் பாரு, போதும்.”

பிறகு டச்சிங் மேசைக்கு வந்தேன். சாய்வான மரச்சட்டம், நடுவில் கண்ணாடி, கீழே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி சன்னல் வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பும். நெகட்டிவை அதன் மேல் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் பருக்களையும் குழிகளையும் மறைக்க வேண்டும். பென்சில் படும் இடம் படத்தில் வெளுத்து வரும். அழுத்தினால் கோடு தெரியும். மூச்சை அடக்கிக்கொண்டு, எறும்பு நடப்பதுபோல் சுழித்துச் சுழித்துப் போட வேண்டும். எனக்கு அது உடனே வந்தது. ஆன்டி பின்னால் நின்று பார்த்தார், அடிக்கவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை ஒரு கருமச்சம். பிறக்கும்போதே இருந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த முகம் என்பதால் எனக்கு அது மச்சமாகவே தெரிந்ததில்லை, அவள் முகமாகத்தான் தெரிந்தது. அவள் நன்றாகச் சிரிப்பாள். மற்றவர்கள் பேசுவதுபோலப் பேசிக் காட்டுவாள். பக்கத்து வீட்டு அங்கிள் ரேடியோவோடு சண்டை போடுவதை அவள் நடித்தால் அப்பாவே வாய்விட்டுச் சிரிப்பார்.

கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து பெண் கேட்டுத் தகவல் வந்தது. அவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். முகத்தைத் திருப்பி எடுத்த படம் வேண்டாம், நேராகப் பார்க்கும் படம்தான் வேண்டும். முன்பு எங்கோ ஏமாந்திருப்பார்கள் போலும்.

அம்மா அக்காவை ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தாள். நான் திரைத்துணிக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா ஆன்டியின் காதருகே குனிந்தாள்.

“அது தெரியாம எடுக்க முடியுமா?”

“எது?” என்றார் ஆன்டி, கடை முழுக்கக் கேட்கும்படி.

“அதான்… கன்னத்துல.”

“கன்னத்துல என்ன? சொன்னாதானே தெரியும்.”

ஆன்டி வேண்டுமென்றே கேட்கிறார் என்று எனக்கே புரிந்தது. அம்மா சேலைத் தலைப்பை முறுக்கினாள். பெஞ்சில் காத்திருந்த ஒரு சீனப் பெண்மணி கூட நிமிர்ந்து பார்த்தார். கடைசியில் அக்காதான் சொன்னாள்.

“மச்சம், ஆன்டி. என் மச்சத்த மறைக்கணுமாம்.”

படத்தை ஆன்டி எடுத்தார். மறுநாள் நெகட்டிவை என் முன்னால் வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். “உன் அக்காதானே, நீயே பண்ணு” என்றார்.

நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகும், வெளுப்பு கறுப்பாகும். முகம் முழுதும் கருத்திருக்க, அக்காவின் மச்சம் மட்டும் சுத்தமான தண்ணீர்போல வெளிச்சத்தை விட்டுக்கொண்டிருந்தது. அதன் ஓரங்களை அப்படி நான் பார்த்ததே இல்லை. தாடைப் பக்கம் சிறு வளைவுகள் இருந்தன. நான் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். மழை பெய்து சன்னல் இருண்டால் நிறுத்துவேன், வெளுத்தால் தொடர்வேன். கழுத்து மரத்துப்போனது. அடைத்து முடித்தபோது கன்னம் இருந்தது, அக்கா இல்லை. ஆனால் அது அப்போது தோன்றவில்லை. கோடு தெரியவில்லை என்பதுதான் தோன்றியது.

ஆன்டி உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். “என் வீட்டுக்காரருக்குக் கூட இந்தக் கை வந்ததில்ல” என்றார். அவர் என்னைப் புகழ்ந்த முதல் தடவை அது.

படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, “யாரு இது?” என்றாள்.

“நீதான்டி” என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து அம்மா சந்தோஷத்தில் அழுதாள் என்பது, அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்க எத்தனையோ வருடம் ஆனது.

கிள்ளான்காரர்களுக்குப் படம் பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்தார்கள். அம்மா அக்காவின் கன்னத்தில் பவுடரைக் குழைத்துப் பூசியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா சன்னல் பக்கமாக உட்கார்ந்தார். அக்கா தட்டோடு குனிந்தபோது அவர் தட்டை வாங்கவில்லை, அக்காவின் தாடையைப் பிடித்தார்.

“வெயில்ல போய் வர்றா, அதான் கொஞ்சம் கறுத்திருக்கு” என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையில் கைக்குட்டையை நனைத்தார். அக்காவின் கன்னத்தில் வைத்துத் துடைத்தார். பவுடர் வந்தது. மறுபடி நனைத்துத் துடைத்தார். பிறகு அழுத்தித் தேய்த்தார், பானையில் அடிப்பிடித்ததைத் தேய்ப்பதுபோல. அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் குனிந்தே நின்றாள். யாரும் தடுக்கவில்லை. அப்பா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஒரு முறுக்கை எடுத்து வாயில் வைத்து, கடிக்கும் சத்தம் கேட்டுவிடுமோ என்று அப்படியே வைத்திருந்தார்.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து படத்தை எடுத்து அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“படத்துல இருக்கிற பொண்ண வரச் சொல்லுங்க. நாங்க அவளத்தான் பாக்க வந்தோம்.”

கைக்குட்டையை எங்கள் மேசைமேல் விட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஸ்டூடியோவில் நடந்ததைச் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது. ஆன்டி இடுக்கியால் படங்களைக் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டே கேட்டார்.

“படத்தப் பாத்துக் கண்டுபிடிச்சாங்களா, ஆளப் பாத்துக் கண்டுபிடிச்சாங்களா?”

“ஆளப் பாத்துதான் ஆன்டி.”

“அப்ப உன் வேல சரி. எதுக்கு அழுவுற?”

அம்மா அந்தப் படத்தைக் கிழிக்கவில்லை. சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாள். இன்னொரு இடம் வரும், அப்போது உதவும் என்றாள். அக்கா அதன் கீழேதான் சாப்பிட வேண்டும், அதன் கீழேதான் துணி மடிக்க வேண்டும். அவள் யாரையும் போலப் பேசிக் காட்டுவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு மத்தியானம், ஆன்டி பாசாருக்குப் போயிருந்த நேரம், அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தாள். டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து நேராக வந்திருந்தாள். நகை இல்லை, பவுடர் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“உனக்குத் தனியா எடுக்கத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப என்னப் படம் புடி. இருக்கறபடி. அத அம்மாகிட்டக் குடுத்து, இனிமே இதத்தான் அனுப்பணும்னு சொல்லப் போறேன். புடிச்சவன் வரட்டும். இல்லாட்டி யாரும் வர வேணாம்.”

தூணும் மாடிப்படியும் வரைந்த துணியைச் சுருட்டிவிட்டேன். விளக்குகளை அணைத்தேன். இடது பக்கத்துச் சன்னலைத் திறந்தேன். மழை ஓய்ந்த வெளிச்சம் அவள் கன்னத்தில் வந்து அமர்ந்தது. மச்சத்தின் மேல் மெல்லிய ரோமங்கள் பளபளத்தன. அவள் லென்ஸை நேராகப் பார்த்தாள். பயமும் இல்லை, வீம்பும் இல்லை. வெளிச்சத்தை மட்டும் பார் என்ற பாடத்தை அன்று மீறினேன். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். கை நடுங்கவில்லை.

ஆன்டி எப்போது திரும்பி வந்தார் என்று தெரியாது. காய்கறிக் கூடையோடு கதவருகே நின்றிருந்தார். திட்டவில்லை. அக்கா போன பிறகு அவரே பிலிமைக் கழுவினார், அவரே படம் போட்டார். தட்டில் அக்கா எழுந்து வந்தபோது சிவப்பு வெளிச்சத்தில் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“இது படம்” என்றார். “இத்தன வருஷம் நானும் எடுத்தேன். இது படம்.”

எனக்குக் கால் தரையில் இல்லை. அக்காவுக்கு ஒரு பிரதி கேட்டேன். “காயட்டும், நாளைக்கி” என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது கண்ணாடிப் பெட்டியின் நடுவில் இரண்டு அக்காக்கள் இருந்தார்கள். இடது பக்கம் நான் எடுத்தது. வலது பக்கம் நான் பென்சிலால் அடைத்தது. இரண்டும் ஒரே அளவில், பெரிதாக. கீழே ஆன்டியின் அழகான கையெழுத்தில் இரண்டு அட்டைகள். ‘டச்சிங்குக்கு முன்’, ‘டச்சிங்குக்குப் பின்’. தமிழில், ஆங்கிலத்தில், சீனத்தில்.

 ஆன்டி வாசலுக்கு வந்தார். “ரெண்டும் உன் வேலதான். உன் வயசுல யாருக்குக் கெடைக்கும் இது?” அவர் கேலி செய்யவில்லை. எனக்கு அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அதுதான் என்று நினைத்தார். அதுதான் இன்றுவரை எனக்குச் செரிக்காத விஷயம்.

வீட்டில் நான் சொல்வதற்குள் வகுப்புக்குப் போகும் வழியில் அக்காவே பார்த்துவிட்டாள். நேராக உள்ளே வந்தாள். குரல் உயர்த்தவில்லை.

“அத எடுத்துடுங்க ஆன்டி.”

“எடுக்கலாம். ஆனா காலையிலேர்ந்து எத்தன பேரு வந்து கேட்டுட்டாங்க பாரு. அம்மத் தழும்பு உள்ளது, தீக்காயம் பட்டது, எல்லாத்துக்கும் இப்பதான் நம்பிக்கையே வருது. உன்னால நாலு பொண்ணுக்கு நல்லது நடந்தா உனக்கென்ன கொறச்சல்?”

“அது என் மூஞ்சி.”

“படத்துக்கு உக்காந்துட்டா அது ஸ்டூடியோ சாமான்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாளோ என்னவோ. பிறகு வெளியே போனாள். ஆனால் வகுப்புக்குப் போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரோரமாக, புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தெருவைப் பார்த்தபடி நின்றாள். நிமிர்ந்த முகம், வெயில் படும் கன்னம்.

உள்ளேயிருந்து எனக்கு அவள் முதுகும் பின்னலும்தான் தெரிந்தன. பாசாருக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், ரயில்வே ஆட்கள், தெருப் பிள்ளைகள் என்று எல்லாரும் பெட்டிக்கு முன்னால் நின்றார்கள், விரல் நீட்டினார்கள், சிரித்தார்கள். மத்தியான வெயிலிலும் அவள் அசையவில்லை. தண்ணீர் கொண்டுபோகிறேன் என்று எழுந்தேன். ஆன்டி ஸ்கேலைக் குறுக்கே நீட்டினார்.

“நிக்கட்டும். கூட்டம் சேருது.”

சாயங்காலம் வேலை முடிந்து அப்பா அந்த வழியாக வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். படங்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஆன்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவின் பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டு, “ஊரே பாக்குது, ஊரே பாக்குது” என்று சொல்லிச் சொல்லி அடித்தார். புத்தகங்கள் சாக்கடையில் விழுந்தன. அப்படியே பின்னலைப் பிடித்து வீடுவரை இழுத்துப் போனார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அந்த வாரமே அக்காவை அத்தை வீட்டுக்கு, தெலுக் பங்லிமா காராங்குக்கு அனுப்பிவிட்டார்கள். டைப்ரைட்டிங் முடிந்தது. படங்களை எடுக்கச் சொல்லி யாரும் போகவில்லை. பொங்கலுக்குப் பிறகு வெயிலில் பழுத்து ஓரம் சுருண்டதும் ஆன்டி தாமே கழற்றினார். நெகட்டிவை என்ன செய்தார் என்று தெரியாது.

நான் ஸ்டூடியோவுக்குப் போவதை நிறுத்தினேனா என்று கேட்பீர்கள். இல்லை. அப்பாதான் போகச் சொன்னார். “அந்தம்மா நல்லாத்தான் சொல்லிக் குடுக்குது. பெரியவதான் சரியில்ல, நீயாவது ஒரு வேல கத்துக்க” என்றார். பள்ளி முடிந்த பிறகு, ஆன்டி சொல்லித்தான் பெட்டாலிங் ஜெயாவில் கலர்ப் படம் கழுவும் ஒரு லேபில் எனக்கு இடம் கிடைத்தது. வேலைக் காலம் முழுதும் எனக்குச் சோறு போட்டது அவர் திருத்திய இந்தக் கைதான். அவர் இறந்தபோது போய் நின்றேன். அழுகை வரவில்லை, திட்டவும் வரவில்லை.

அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். தொழிற்சாலைகள் வந்ததும் ஒன்றில் சேர்ந்தாள். பிறகு அங்கே வந்து போன ஒரு லோரி ஓட்டுநரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்த மாமா நல்ல மனிதர், இப்போது இல்லை. அக்கா தன் வீட்டுச் சுவரில் யாருடைய படத்தையும் மாட்டியதில்லை.

அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சமையலறை மேசையில் தாள் விரித்துக் காய்ந்த நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தோம். எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு ஊரே ஒன்னப் பாத்துச்சே, எப்படிக்கா தாங்குன?”

அவள் தலை நிமிரவில்லை.

“யாரு பாத்தா? அப்பாவும் இப்படித்தான் சொல்லிச் சொல்லி அடிச்சாரு. ஒருத்தரும் என்னப் பாக்கல லா.”

“நான் உள்ளேருந்து பாத்தேனே. எவ்வளவு கூட்டம்.”

“படத்தத்தான் பாத்தாங்க. மொத படத்தப் பாப்பாங்க, ரெண்டாவதப் பாப்பாங்க, ச்சு கொட்டிட்டுப் போயிருவாங்க. நான் கை எட்டுற தூரத்துல இதே மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கறேன். யாராச்சும் ஒருத்தர் திரும்பிப் பாத்தாப் போதும், வெக்கப்படுவாங்க, பேசாமப் போயிருவாங்கன்னு நெனச்சேன். ஒருத்தருக்கும் தெரியல, நான்தான் அதுன்னு.”

கிள்ளிய தலைகளை ஓரமாக ஒதுக்கினாள்.

“ஒரு அம்மா மட்டும் எங்கிட்டப் பேசுச்சு. கையில கொழந்த வச்சிருந்துச்சு.”

“என்ன சொன்னாங்க?”

“கொஞ்சம் தள்ளி நில்லும்மா, படத்துல வெயில் விழாம மறைக்கிறன்னு சொல்லுச்சு.”

“நீ என்னக்கா பண்ணுன?”

“தள்ளி நின்னேன்” என்றாள் அக்கா.